கோயில் சாப்பு

மகளிர் விடுதி, தைப்பிங்
8 மார்ச் 2025

யுகேந்திரன் அண்ணனுக்கு,

வணக்கம். கடிதத்தின் முதல் பத்தியில் நலம் விசாரிக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் விசாரிக்கப் போவதில்லை.

நான் தினேஸ்வரி. ஆல்டன் தோட்டத்து லயத்தில் உங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்த கனகராஜின் இளைய மகள், புனிதாவின் தங்கை. இப்போது ஐந்தாம் படிவம் படிக்கிறேன். விடுதியில் கைப்பேசி வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் தபாலில் எழுதுகிறேன். பதிலையும் தபாலிலேயே அனுப்புங்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் நீங்கள் மடிக்கணினியோடு ஈப்போ புந்தோங்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். நான் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக் கல்லூரி, எல்லாப் பாடமும் இணையத்தில், பார்க்கிற வேலையை விடாமலே மனநல ஆலோசகர் ஆகிவிடலாம் என்றீர்கள். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அண்ணே, இந்தப் பட்டத்த வச்சு நம்ம நாட்டுல லைசன்ஸ் எடுக்க முடியுமா?"

"என்னம்மா கேள்வி இது? உலகம் பூரா செல்லும்லா!"

கடைசி வருடத்தில் நேரடிப் பயிற்சி வந்தது. எங்கே, யார் மேற்பார்வையில் செய்வது என்று கல்லூரி கேட்டது. அக்கா உங்களைக் கேட்டார். நீங்கள் சொன்னதை அக்கா அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அப்படியே தருகிறேன்: "நம்ம கோயில் மண்டபம் சும்மாதானே கெடக்கு? வாரா வாரம் போயி பொம்பளைங்ககிட்ட பேசு. தலைவர்கிட்ட சாப்பு குத்தி வாங்கிக்க. கோயில் சாப்பு போதும்லா."

நாங்கள் நம்பினோம். ஏன் நம்பினோம் என்று பிறகு நிறைய யோசித்தேன். ஆல்டன் தோட்டத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, கல்யாணம் பேச, காணாமல் போன அடையாள அட்டைக்குச் சாட்சி சொல்ல, எல்லாவற்றுக்கும் கோயில் தலைவர் மகேந்திரனின் சாப்பை, அந்த ரப்பர் முத்திரையைத்தான், குத்தி வாங்குவோம். அந்த ஊதா மை செல்லாத இடத்தை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

ஜனவரியில் பார்த்துவிட்டோம். பதிவுபெற்ற ஆலோசகரின் மேற்பார்வையில் பயிற்சி நடக்கவில்லை, உரிமம் தர முடியாது என்று ஆலோசகர் வாரியம் எழுதிவிட்டது. பத்து காஜா ஊரில் அக்காவுக்காக வைத்திருந்த வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது.

அதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். இங்குள்ள ஒரு பல்கலைக்கழகம் அக்காவைச் சேர்த்துக்கொண்டு, படித்த பாடங்களில் சிலவற்றை ஏற்றுக்கொள்ளவும் முன்வந்தது. அந்த வெளிநாட்டுக் கல்லூரியிடம் அக்காவின் பதிவைக் கேட்டது. பதிவில் என்ன இருக்கிறது தெரியுமா? "மாணவி பொய்யான பயிற்சிச் சான்று கொடுத்தார்" என்று இருக்கிறது. கோயிலை யார் அனுமதித்தது என்று கல்லூரி தன் முகவரான உங்களைக் கேட்டதாம். நீங்கள், அந்தப் பெண் தானாகவே செய்துகொண்டாள், எனக்குத் தெரியாது என்று எழுதினீர்களாம்.

அந்த வரி இருக்கும்வரை எந்தப் பல்கலைக்கழகமும் அக்காவைத் தொடாது. நீங்கள்தான் சொன்னீர்கள் என்று கல்லூரிக்கு எழுதுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

தினேஸ்வரி

*

ஈப்போ
17 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி தினேஸ்வரிக்கு,

அண்ணன் எழுதுவது. உன் தமிழைப் படித்து மெய்சிலிர்த்தேன். நம் தோட்டத்துப் பிள்ளை இப்படி எழுதுகிறதே என்று என் மனைவியிடம் காட்டினேன். (கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டவில்லை.)

சரி, இப்ப பேசுற மாதிரியே எழுதுறேன்.

தங்கச்சி, நான் ஒரு பாலம். பாலத்துமேல நடக்குறவங்க எங்க போறாங்கன்னு பாலத்துக்குத் தெரியுமா? காலேஜோட வெப்சைட்டுல கீழ போட்டிருக்கான்லா, லைசன்ஸ் விஷயத்த அந்தந்த ஊரு வாரியத்துகிட்ட மாணவரே கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னு. அதுக்கு நேரா ஒரு கட்டம். உங்கக்கா அதுல டிக் போட்டிருக்கா. நானா போட்டேன்?

காலேஜ்காரன் கேட்டதுக்கு நான் வேற என்ன சொல்ல முடியும்? நான்தான் சொன்னேன்னு எழுதுனா என் ஏஜென்சிய புடுங்கிருவான். என்ன நம்பி எவ்வளவு பிள்ளைங்க படிக்குதுங்க. ஒருத்திக்காக அத்தனை பேரையும் நடுரோட்டுல விடச் சொல்றியா?

படிப்பு வீண் போகாது. புனிதாவ எங்கயாச்சும் ஆபீஸ்ல ஆள் எடுக்குற பிரிவுல சேரச் சொல்லு. நல்லா பேசுற பொண்ணு.

நீ எஸ்.பி.எம். பரீட்சையில கவனம் வை. கோபம் உடம்புக்கு ஆகாது.

அண்ணன்
யுகேந்திரன்

*

தைப்பிங்
29 மார்ச் 2025

யுகேந்திரன் அண்ணனுக்கு,

எங்கள் வார்டன் தமிழ் படிக்க மாட்டார். உங்கள் கடிதத்தைப் பிரித்து, புரட்டிப் பார்த்து, "அண்ணனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். படிப்பில் அக்கறையுள்ள அண்ணன் போலிருக்கிறது என்று மலாயில் பாராட்டினார்.

சனிக்கிழமை வெளியே விட்டபோது மழையில் நனைந்துகொண்டு நூலகம் போய், அந்தப் பக்கத்தைக் கணினியில் தேடிப் படித்தேன். பொடி எழுத்தில் அடியில் இருக்கிறது. அந்தப் படிப்பு, கல்லூரி இருக்கும் மாநிலத்தின் உரிமத்துக்காக அமைக்கப்பட்டதாம். பக்கத்து மாநிலத்தில் இருந்துகொண்டு இணையத்தில் படிக்கிற மாணவர்கூட, தன் மாநிலம் அதை ஏற்குமா என்று சேருவதற்கு முன்பே தன் வாரியத்தைக் கேட்க வேண்டுமாம். அவர்கள் நாட்டிலேயே எல்லைக்கோட்டைத் தாண்டினால் செல்லுமா செல்லாதா தெரியாது. நீங்கள் கடலைத் தாண்டிச் செல்லும் என்றீர்கள்.

அக்கா டிக் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அன்று மடிக்கணினி உங்கள் மடியில் இருந்தது. அக்கா எட்டிப் பார்த்தபோது, "இதெல்லாம் சும்மா ரூல்ஸ்லா, நான் போட்டுர்றேன்" என்று நீங்களே பக்கம் பக்கமாகத் தட்டிக்கொண்டு போனீர்கள். அம்மா உங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். நீங்கள் ஒரு கையில் குவளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினீர்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எது எந்தக் கை என்று நன்றாகத் தெரியும்.

ஆக, அந்த வரியை அக்கா படிப்பதற்கு முன்பே நீங்கள் படித்திருக்கிறீர்கள்.

அக்கா அந்த மண்டபத்தில் உட்கார்ந்தது பொய்யா? மழையிலும் பேருந்து பிடித்துப் போனார். அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குக்கூடச் சொன்னதில்லை. துருவித் துருவிக் கேட்டாலும் சொல்ல மாட்டார். மண்டபத்துக்கு வந்து அக்காவிடம் பேசிய செல்லாயி பெரியம்மா இப்போதும் எங்கள் வீட்டுக்குப் போன் செய்கிறார். "நான் ஆலோசகர் இல்ல பெரியம்மா, இனிமே பேசக்கூடாது" என்று அக்கா வைத்துவிடுகிறார். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்கிறார். குளிப்பதில்லை.

எனக்கு உங்களிடமிருந்து இரண்டு வேண்டும். ஒன்று, கல்லூரிக்கு உண்மையை எழுத வேண்டும். அது அக்காவுக்கு. இரண்டு, ஊருக்கு முன்னால் நீங்கள் தலைகுனிய வேண்டும். அது எனக்கு. அக்கா இரண்டாவதைக் கேட்கவே இல்லை. அவர் நல்லவர். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

தினேஸ்வரி

*

ஈப்போ
10 ஏப்ரல் 2025

தினேஸ்வரி,

வயசுக்கு மீறிப் பேசுற. போகட்டும், சின்னப் பிள்ள.

நல்லதா ஒன்னு சொல்றேன். உனக்குப் படிக்க ஒரு புது டேப்லட் வாங்கித் தாரேன். விடுதியில கூடாதுன்னா வீட்டுல வச்சுக்க. இந்த எழுத்துப் போக்குவரத்த இதோட நிறுத்திக்கலாம்.

கெட்டதா ஒன்னு சொல்றேன். உங்கப்பா யாரு லாரிய ஓட்டுறாரு? என் மச்சான் லாரி. மறந்துராத. உன் வார்டனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் நல்லாத் தெரியும். நீ வெளி ஆளுக்கு மிரட்டல் கடிதாசி எழுதுறன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் எஸ்.பி.எம். என்னாகும்?

தலைகுனியணுமாம்! திருவிழாவுல இந்த வருஷம் அஞ்சாம் நாள் உபயம் என்னோடது, தெரியுமா? தலைவர் கையால எனக்குப் பரிவட்டம் கட்டுறாங்க. பூசை முடிஞ்சு அதே மண்டபத்துல என் கல்விக் கூட்டம். பத்து காஜாவுலேர்ந்தெல்லாம் ஆளுங்க வாராங்க. நீயும் வந்து பாரு, ஊரு என்ன எப்படி மதிக்குதுன்னு.

யுகேந்திரன்

*

தைப்பிங்
19 ஏப்ரல் 2025

யுகேந்திரன் அண்ணனுக்கு,

அழைப்புக்கு நன்றி. வருகிறேன்.

உங்கள் கடிதத்தை வார இறுதியில் வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பி, லாரிச் சாவியை உங்கள் மச்சான் மேசையில் வைத்துவிட்டு வந்தார். "ஈப்போவுல வேற லாரியா இல்ல?" என்றார். இருக்கிறது. மறு வாரமே கிடைத்துவிட்டது. டேப்லட் வேண்டாம்.

உங்கள் கடிதங்களை யாரிடமும் காட்டிக்கொண்டு திரியப் போவதில்லை. மைக்கைப் பிடித்துப் பேசவும் போவதில்லை. பேச்சில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர், பாலம் அது இது என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவீர்கள்.

பரிவட்டம் கட்டுவதற்கு முன்னால் தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு வருவேன். கோயில் சாப்பு போதும் என்று நீங்கள் அக்காவிடம் சொல்லவே இல்லை என்று, அம்மன் முன்னால் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யுங்கள். செய்துவிட்டால் அங்கேயே உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

முன்கூட்டியே சொல்கிறேன். உங்களுக்குப் பயப்பட நாள் வேண்டும் அல்லவா?

தினேஸ்வரி

*

ஈப்போ
13 மே 2025

தினேஸ்வரி,

சந்தோஷமா?

நீ சும்மா மிரட்டுறன்னு நெனச்சேன். தலைவரு பரிவட்டத்த என் தலைக்கு நேரா தூக்கிட்டாரு. மேளம் அடிக்குது. தட்டோட வந்து நிக்குற, பள்ளிக்கூடத்துப் பிள்ள மாதிரி ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு. மேளக்காரன் நிறுத்திட்டான். அவன யாரு நிறுத்தச் சொன்னது? கோயில் சாப்பு பொய்ன்னு நான் காலேஜுக்கு எழுதுனத எல்லாருக்கும் கேக்கச் சொல்லிட்டு, சூடத்த அணைக்கச் சொன்ன.

பொய் சத்தியம் பண்ணிரலாம்னுதான் வந்தேன். ஒளிக்காம எழுதுறேன். ராத்திரி பூரா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டேன். ஆனா அந்த அம்மனுக்கு முன்னால கோலி விளையாடி வளந்தவன் நான். கை வரல. சூடம் எரிஞ்சு எரிஞ்சு தட்டுல கருப்பாயிருச்சு.

அப்புறம் தலைவரு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி: "ஏன்டா யுகேந்திரா, என் சாப்ப பொய்ச் சாப்புன்னு வெளிநாட்டுக்காரனுக்கு எழுதுனது நீதானா?" அவருக்கு உங்கக்கா பத்திக் கவலை இல்ல, அவரு சாப்பு பத்தித்தான். பரிவட்டத்த மடிச்சு உள்ள வச்சுட்டாங்க. என் பொண்டாட்டி பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயி பொம்பளைங்க பக்கம் உக்காந்துட்டா. வீட்டுக்கு வந்தும் பேசல.

கூட்டத்துக்குப் போட்ட நாற்காலி அத்தனையும் காலி.

உனக்கு வேண்டிய ரெண்டாவது கெடச்சிருச்சு. இத்தோட விடு.

யுகேந்திரன்

*

தைப்பிங்
24 மே 2025

யுகேந்திரன் அண்ணனுக்கு,

சந்தோஷமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம். மிகவும்.

இப்படி எழுதக் கூடாது என்று தெரியும். தட்டின் சூடு விரல்களைச் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உங்கள் கட்டைவிரல் அசைந்து, பிறகு உள்ளே மடங்கியதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு எந்த வலியும் இல்லை.

நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். செல்லாயி பெரியம்மா பின்னாலிருந்து கத்தினார்: "அணைடா பாப்போம்! அந்தப் பிள்ளகிட்ட பேசினதுலதான் நான் இன்னும் சோறு திங்குறேன். அது பொய்யாடா?" அவர் தன்னைப் பற்றி ஊருக்கு முன்னால் சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அக்கா அதைக் கேட்டுவிட்டு அழுதுகொண்டே வெளியே போய்விட்டார். வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் என் பக்கத்தில் உட்காரவில்லை. "அவர அசிங்கப்படுத்த நானா கேட்டேன்? நீ உனக்காகப் பண்ணுன" என்றார். சரிதான். நான்தான் முன்பே சொல்லியிருந்தேனே.

இரண்டாவது சூடத்தையும் நீங்கள் எழுதவில்லை. தலைவர் புதிதாக ஒன்று ஏற்றச் சொன்னார். "இனிமே எவன் வந்து படிப்பு பத்திக் கேட்டாலும் உள்ளத உள்ளபடி சொல்லுவேன்னு அணை, இல்லேன்னா இந்தக் கோயில் பக்கம் வராத" என்றார். அதை நீங்கள் அணைத்தீர்கள். கை சுட்டிருக்கும். மஞ்சள் வைத்தீர்களா?

முதலாவது இன்னும் வரவில்லை. கல்லூரிக்கு நீங்கள் எழுதவில்லை என்று அக்காவின் மின்னஞ்சலில் பார்த்தேன். பல்கலைக்கழகம் ஜூலை வரைதான் காத்திருக்கும். அதற்கு முன் நீங்கள் எழுதாவிட்டால், விடுமுறைக்கு விடுமுறை உங்கள் அலுவலக வாசலுக்குத் தட்டோடு வருவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். வருகிற பெற்றோர் என்னவென்று கேட்டால் நீங்களே விளக்கிக்கொள்ளுங்கள்.

தினேஸ்வரி

*

ஈப்போ
30 ஜூன் 2025

தங்கச்சி தினேஸ்வரிக்கு,

எழுதிட்டேன். கோயில்ல பயிற்சி செய்யச் சொன்னது நான், மாணவி மேல தப்பு இல்ல, அவ உண்மையா வேலை செஞ்சான்னு கல்லூரிக்கு எழுதி, தலைவரையும் ஒரு கையெழுத்து போடச் சொன்னேன். சாப்பும் குத்தினாரு. வேணாம்னு சொன்னேன், கேக்கல.

நான் நெனச்ச மாதிரியே ஏஜென்சி போயிருச்சு. வேற காலேஜ் ரெண்டு இருக்கு, அத வச்சு ஓட்டுறேன். பொண்டாட்டி இப்ப பேசுறா, சாப்பாடு ஆச்சான்னு மட்டும்.

சத்தியத்த மீறல. கேக்குறவங்களுக்கு உள்ளதச் சொல்லுவேன். ஆனா கேக்க யாரு வாரா? நம்ம ஆளுங்க சேருறதுக்கு முன்னால ஒன்னும் கேக்க மாட்டாங்க, சேந்தப்புறந்தான் கேப்பாங்க. அதனால அந்தச் சத்தியத்துனால எனக்கு ஒன்னும் சூசா இல்ல, ஒரு கஷ்டமும் இல்லன்னு வச்சுக்கயேன்.

நம்ம ரெண்டு பேருக்கும் கணக்கு முடிஞ்சுது. மனசார ஒரு வார்த்தை, மன்னிச்சிட்டேன்னு எழுது. திருவிழா அன்னிக்கு அப்புறம் எனக்கு ஒழுங்கா தூக்கம் இல்ல.

அண்ணன்
யுகேந்திரன்

*

தைப்பிங்
2 ஆகஸ்ட் 2025

யுகேந்திரன் அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தேர்வு ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

கல்லூரி அந்த வரியை நீக்கிவிட்டது. பல்கலைக்கழகம் அக்காவை எடுத்துக்கொண்டது. அக்டோபரில் வகுப்பு தொடங்குகிறது. பாதிப் பாடங்களைத்தான் ஏற்றார்கள். நேரடிப் பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும், ஈப்போவில், பதிவுபெற்ற ஆலோசகர் ஒருவரின் கீழ். இந்தத் தடவை அக்கா சேருவதற்கு முன்பே வாரியத்துக்குப் போய், எதிரில் உட்கார்ந்து, இது செல்லுமா என்று கேட்டுவிட்டு வந்தார். எல்லாம் முடியும்போது அவருக்கு முப்பது தாண்டியிருக்கும். அந்த வருடங்களை நீங்கள் எழுதும் எந்தக் கடிதமும் திருப்பித் தராது.

அக்கா உங்களை மன்னித்துவிட்டார். "பாவம், குடும்பஸ்தர், விட்டுரு தினேஸ்" என்றார். எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். அது அவருடைய மன்னிப்பு. என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை.

நம் ஆட்கள் சேருவதற்கு முன்னால் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைத்தான் பலமுறை படித்தேன். உண்மை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அதனால் விடுதியில் படிப்பு நேரம் முடிந்ததும் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் சங்கங்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். உங்களைப் பற்றித் தவறாக ஒரு சொல்கூட இல்லை. உங்கள் பிள்ளைகளில் மூத்தவர்கள் யாராவது வெளிநாட்டுக் கல்லூரியில் இணையத்தில் படிக்கப் போகிறார்களா, அந்தப் பட்டத்துக்கு இங்கே உரிமம் கிடைக்குமா, பயிற்சி யாருக்குக் கீழே, அதை எழுத்தில் தருவார்களா, இவற்றைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எழுதினேன். கடைசியில் ஒரு வரி: "இதைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் ஈப்போவில் ஒருவர் இருக்கிறார். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் அவரைக் கேளுங்கள். உண்மையைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன் என்று அம்மன் முன்னால் சூடம் அணைத்தவர்." கீழே உங்கள் பெயரும் எண்ணும். திருவிழாவில் நீங்கள் கட்டியிருந்த பதாகையிலிருந்து எடுத்தேன், பெரிய எழுத்தில் இருந்தது.

தலைவரிடமும் சொல்லிவிட்டேன். யாருக்காவது நீங்கள் உள்ளதைச் சொல்லவில்லை என்றால் அவருக்குச் செய்தி போகும்.

உங்களிடம் இப்போது இருக்கும் அந்த இரண்டு கல்லூரிகளின் பக்கங்களையும் நூலகத்தில் படித்துவிட்டேன். அடியில் அதே பொடி எழுத்துதான். எனவே என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

பத்து காஜாவுக்கு எழுதி முடித்துவிட்டேன். லூமுட் பக்கத்துப் பள்ளிகளுக்கு இன்று எழுதுகிறேன். தைப்பிங்கிலிருந்து முதலில் ஓர் அம்மா உங்களைக் கூப்பிடுவார். மகளை மருந்தாளுநர் ஆக்க உங்கள் கூட்டத்துக்கு வந்து, உட்காராமலே திரும்பிப் போனவர்தான். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாகச் சொல்லுங்கள்.

தினேஸ்வரி